உள்ளே போகாமல் சொன்ன சரித்திரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் சரித்திரம் படிப்பித்த நான், ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலை கேவலம் என்று சொல்லமாட்டேன். கை வேலை செய்ய, வாய் நாள் முழுக்கச் சும்மா இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். கடைசிச் சோதனை இதுதான்: தரப்படும் தலைப்பில் ஒரு கூட்டத்தை நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு நடந்து முக்கால் மணி நேரம் பேசவேண்டும். தேறினால் ஒரு சுற்றுலா பஸ் கம்பனியில் வேலை கிடைக்கும். சீட்டுக் குலுக்கித் தலைப்பு எடுத்தோம். எனக்கு வந்தது 'நகரத்தின் மிகப் பழைய பப்கள்'.

சிரிக்காதீர்கள். நான் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. பத்து வயதில் ஞாயிறு பாடசாலையில், மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவள். ஊரில் தவறணை, அதாவது கள்ளுக்கடை, இருந்த ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றி நடந்து பள்ளிக்கூடம் போனவள். இங்கே நாங்கள் வாடகைக்கு இருந்த மவுண்ட் ரோஸ்கில்லிலும் அந்த நாளில் பப் கிடையாது, அனுமதியே இல்லை. தலைப்பை மாற்றித் தாருங்கள் என்று கேட்க வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனிசிக்கு ஏலாது என்று நினைத்துவிடுவார்களே என்ற ரோசத்தில் விழுங்கிவிட்டேன்.

நூலகத்தில் இருந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன். சனிக்கிழமைகளில் அந்தக் கட்டடங்களுக்கு முன்னால் போய், நடைபாதையில் நின்று ஜன்னல், கூரை, தூண் எல்லாம் பார்த்து எழுதினேன். ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் வரும் பியர் மணத்துக்கே முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவள் நான்.

சோதனை நாள் வந்தது. பயிற்சி ஆசிரியையும் வகுப்புத் தோழர்களும்தான் சுற்றுலாப் பயணிகள். முதல் இரண்டு பப்களும் நன்றாகவே போயின. மூன்றாவது, ஒரு செங்கல் கட்டடம். அதன் நெற்றியில் ஒரு வருடத்தின் எண் சுண்ணாம்பில் பொறித்திருந்தது. இதுதான் எல்லாவற்றிலும் பழைய கட்டடம், அதோ அந்த வருடம், கப்பலால் இறங்கிய மாலுமிகள் இந்த வாசலால்தான் உள்ளே போனார்கள் என்று கையை நீட்டி அடித்துச் சொன்னேன்.

வாசலில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இடையில் புகுந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த வாசல் இல்லை என்றார். கடல் அந்தக் காலத்தில் பின்பக்கம் இருந்தது என்றும், நெற்றியில் இருப்பது, தீப்பிடித்த பிறகு முன்பக்கத்தைத் திருப்பிக் கட்டிய வருடம் என்றும் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வகுப்பில் குழப்படி செய்கிற பிள்ளையை அடக்குகிற அதே குரலில், நான் புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "உள்ளே எப்போதாவது வந்து பார்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கையில் இருந்த குறிப்புகளைப் புரட்டினேன். தோழர்கள் எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

ஆசிரியை என்னைத் தேற்றவில்லை. பேச்சு நல்லது, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவரின் வாயை அடைக்கப் பார்த்தாய், இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை செய்து காட்டு, அதுதான் கடைசி என்றார்.

வீட்டில் என் கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "இஞ்சேரும், விட்டிட்டு வேற ஏதும் பாருமன். பப்பைப் பற்றிப் படிச்சுத்தான் வேலை எடுக்கவேணுமே?"

"வேற ஒண்டும் வேண்டாம். பிழையாச் சொன்னது நான். திருத்திறதும் நான்தான்," என்றேன். அன்று எனக்கு வேலையை விட அந்தப் பிழைதான் உறுத்தியது.

மறுநாள் நூலகத்தில் பழைய வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி விரித்தேன். கிழவர் சொன்னது சரி. கடற்கரைக் கோடு அந்தக் கட்டடத்தின் முதுகை ஒட்டியே ஓடியது. பிறகுதான் கடலை மண் போட்டு நிரப்பித் தெருக்கள் போட்டிருக்கிறார்கள். ஆனால் வாசல் எங்கே இருந்தது என்று வரைபடம் சொல்லவில்லை. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் அந்த பப்புக்கு முன்னால் மூன்று தடவை மேலும் கீழும் நடந்தேன். நாலாவது தடவை கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். லெமனேட் என்றால் பார்க்கிறவர்கள் வேறு ஏதோ என்று நினைப்பார்கள் என்று ஆரஞ்சுச் சாறு கேட்டு வாங்கினேன். நல்ல காலம், கிழவர் இருந்தார். நேரே போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான் மரியாதையில்லாமல் நடந்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் பின்னால் இருந்த ஒடுங்கிய நடைவழியைத் தலையால் காட்டினார்.

நடையின் முடிவில், அடுக்கி வைத்த பியர் பீப்பாய்களுக்குப் பக்கத்தில், செங்கல்லால் அடைத்த ஒரு பழைய வாசல். அதன் கீழே ஒரு கல்லுப் படி. பல காலம் அரைத்த அம்மிபோல நடுவில் குழிந்திருந்தது. எத்தனை ஆயிரம் பேர் மிதித்திருப்பார்கள்! அந்தக் குழிக்குள் என் காலையும் வைத்துப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது. நான் படித்த ஒரு புத்தகத்திலும் இந்தப் படி இல்லை.

திரும்பி வந்ததும் கிழவர் கதைக்கத் தொடங்கினார். முன்பு ஆறு மணிக்கே பப்பைப் பூட்டிவிடுவார்களாம். வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் நின்றபடியே அவசரமாகக் குடிப்பார்களாம். பிறகு குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவத்தான் சுவரில் பாதிக்கு ஓடு பதித்திருக்கிறதாம். பெண்களை அந்தப் பக்கம் விடமாட்டார்களாம். சம்பள நாளில் அவர் மனைவி குழந்தை வண்டியோடு மூலையில் வெளியே நிற்பாராம், சம்பளம் முழுவதும் கரைவதற்குள் அவரைக் கூட்டிப்போக.

"அவளும் உன்னைப்போலத்தான். இந்த இடத்தை வெளியே நின்றே தெரிந்துகொண்டவள்," என்றார். பெண்களை விடத் தொடங்கிய பிறகும் மனைவி உள்ளே வரவில்லையாம். இப்போது உயிரோடு இல்லை. கிழவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து நிமிர்ந்தால், நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலில் எங்கள் தேவாலயச் சபை அக்கா ஒருவரின் முகம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த அக்காவே பக்கத்தில் வந்தார். "உம்மைப் போல ஒராளை டவுணில பப் வாசலில கண்டனான்..." என்று இழுத்தார்.

"நான்தான் அக்கா. உள்ளுக்குப் போயிட்டுத்தான் வந்தனான். வாற வெள்ளியும் போவன். நீங்களும் வாறதெண்டா வாங்கோ," என்றேன். என் கணவருக்கு வாயில் இருந்த ரோல்ஸ் பலகாரம் புரையேறிவிட்டது.

வெள்ளிக்கிழமை, அதே கட்டடம், அதே கூட்டம். போன தடவை இங்கே நின்று பிழையாகச் சொன்னேன் என்றுதான் தொடங்கினேன். வருடத்தையும் கடலையும் திருத்தினேன். பிறகு, உள்ளே விடப்படாத பெண்கள் காத்து நின்ற இடம் இது, உள்ளே போகுமுன் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்போம் என்றேன். நாங்கள் அப்படி நிற்கும்போது கதவு திறந்தது. கிழவர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி நின்ற அந்த மூலையில் போய் நின்றார். இரண்டு நிமிடம் முடிந்ததை நான் சொல்லவில்லை. அவராகத் திரும்பும்வரை எல்லோரும் நின்றோம். அதன் பிறகுதான் படியைக் காட்ட உள்ளே கூட்டிப்போனேன்.

தேறினேன், வேலையும் கிடைத்தது. ஞாயிறு பாடசாலையில் வைத்த கையெழுத்தையும் இன்றுவரை மீறவில்லை. ஆனால் ஒரு இடத்தைப் பற்றி வாய் திறக்குமுன் உள்ளே போய்ப் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதோடு, அதற்கு வெளியே காத்து நின்றவர்கள் யார் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.