உள்ளே தேடுகிறவர்

விசாரணை அதிகாரிக்கு 'இன்க்விசிட்டர்' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவரேதான். பழைய அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்து உட்காருகிறவருக்கு முதலில் லத்தீன் பாடம் நடக்கும். 'இன்' என்றால் உள்ளே. 'குவைரெரே' என்றால் தேடுவது, கேட்பது. ஆக, கேள்வி கேட்டே உள்ளே போய்த் தேடுகிறவர். பாடம் முக்கால் மணி நேரம், விசாரணை மூன்று நிமிடம்.

அதெப்படி மூன்றே நிமிடம்? கேள்வியோடு பதிலையும் முந்தின நாளே டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லி அடித்து வைத்துவிடுவார். வந்தவர் கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு ஏது நேரம்?

அன்றைக்கு மாட்டியவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் நின்றுபோய் மேனேஜர் இரண்டு மாடிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் தொங்கிவிட்டார். கதவுப் பழுதை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். படிக்கிற இரண்டு பெண்களோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

லத்தீன் பாடத்தை லிஃப்ட்காரர் கைகட்டிக் கேட்டார். பிறகு காகிதத்தை நிதானமாகப் படித்தார். "பழுதை ஏன் எழுதி வைக்கவில்லை?" என்ற கேள்விக்குக் கீழே "என் அலட்சியம்தான்" என்று அவர் சொல்லாத பதில் அழகாக அடிக்கப்பட்டிருந்தது. பேனாவைத் தொடாமல் எழுந்து போனவர், லிஃப்டுக்குள் கயிற்றில் தொங்கும் பழுது நோட்டோடு திரும்பி வந்தார்.

பதினோரு நாளாக ஒரே வரி: கதவு சிக்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், பார்த்ததற்கு அடையாளமாக, வால் நீண்ட ஒரு கையெழுத்து. காலையில் மேலே போகும்போது நீட்டுகிற நோட்டில் படிக்காமல் கிறுக்குவது அதிகாரியின் வழக்கம்.

"சார், உள்ளே போய்த் தேடறவருன்னு சொன்னீங்களே. தினமும் இதுக்குள்ளதான் நிக்கிறீங்க. இது யார் கையெழுத்து?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரிடம் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். அதிகாரி நோட்டைச் சட்டென்று மூடினார். பயம்தான், வேறொன்றுமில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா மேஜையில் கிடந்த பழைய காகிதத்தை எடுத்துவிட்டு மெஷினில் புதிதாக ஒன்றைச் செருகினாள். லிஃப்ட்காரர் கேட்ட கேள்வியை அடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் சொல்லுங்க சார், காத்திருக்கேன்."