தோட்டா போன பாட்டு

வெர்னா டாக்கெட் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தே இளமையைக் கழித்தவள். நாற்பதை நெருங்கும்போது நாஷ்வில்லில் அவள் பாடிய முதல் ஆல்பம் வெளிவந்தது. அன்றே வேலையை விட்டாள். கென்டக்கி மலையிலிருந்த அந்த ஊரே கைதட்டியது. கணவன் ஓடெல்லால்தான் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. சுரங்கத்தின் கரித்தூசி அவன் நுரையீரலைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

ஆல்பத்தில் எல்லாம் கம்பெனி கொடுத்த பாட்டுகள். ஓடெல் எழுதியவற்றை அடுத்த ஆல்பத்தில் சேர்க்கலாம் என்றான் கம்பெனிக்காரன் லைல். ஆனால் முதல் பாட்டு தரவரிசையில் நாற்பதுக்குள் வந்தாக வேண்டும். ஏறுகிற பாட்டின் எண்ணருகே, தரவரிசை வெளியிடும் பத்திரிகையில் ஒரு கரும்புள்ளி வைப்பார்கள். அதற்குத் தோட்டா என்று பெயர். அது போய்விட்டால் பாட்டின் கதை முடிந்தது. ஓடெல்லுக்குப் பாட்டெழுதத் தெரியும். இந்தக் கணக்கெல்லாம் அவன் காதில் ஏறியதில்லை.

பக்கத்து வீட்டு தெல்மா அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, குரலை மாற்றி மாற்றி உள்ளூர் வானொலிக்கு ஓயாமல் போன் செய்தாள்.

"இன்னிக்கு ஆம்பளைக் குரல்ல பேசிக் கேட்டேன்டி. 'சரிங்க சார்'ங்கறான் அந்த மடையன்!"

ஐம்பத்தெட்டு வரை ஏறியது பாட்டு. பிறகு லைல் போனில் கூப்பிட்டான்.

"வெர்னா, தோட்டா போச்சும்மா. இனிமே எவனும் தொடமாட்டான்."

"எங்க ஊர்ல பொழுதுக்கும் போடுறாங்களேய்யா!"

"உங்க ஊர் ஸ்டேஷனை யாரு கேட்டா? பத்திரிகைக்குக் கணக்குக் குடுக்குற ஸ்டேஷன் வேற. அதுல உங்க ஊர் இல்லவே இல்ல."

"அப்போ ஓடெல் பாட்டெல்லாம்?"

லைல் இருமினான். இருமலே வராதவனின் இருமல்.

அவள் போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து ஓடெல் கேட்டான். "என்னவாம்?"

"தோட்டா போயிடுச்சாம்."

கொரியப் போரில் இடுப்பில் பாய்ந்த தோட்டாவை எடுத்த பிறகுதான் ஓடெல் உயிர் பிழைத்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! சனியன் தொலைஞ்சுது. எனக்கும் அது போனப்புறம்தானே நடக்கவே வந்துச்சு? இனிமே பாரு, உன் பாட்டு ஓடும்."

வெர்னா வாயைத் திறந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள்.

"ஆமாய்யா," என்றாள்.

"அடுத்த ஆல்பத்துல நான் எழுதுன பாலத்துப் பாட்டுதான் முதல்ல வரணும். லைல் மாத்தச் சொன்னா விட்டுறாத."

"விடமாட்டேன்."

திங்கட்கிழமை அவள் மறுபடி காலர் தைக்கப் போனாள். ஸ்டுடியோ கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று அவனிடம் சொல்லிவைத்தாள். மாலையில் அவள் வந்ததும் தன் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடச் சொல்வான். மூச்சு வாங்க வாங்கத் திருத்துவான். அந்த ஆண்டின் பனி உருகுவதை அவன் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது சமையலறை வானொலியில் வெர்னாவின் குரல் ஒலித்தது. தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் போடச் சொன்னேன்டி. இன்னிக்கு என் சொந்தக் குரல்லயே கேட்டேன்."

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடெல் எழுதாத அந்தப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.