கோழிப்பண்ணைக் காற்றாடியும் ஆறு கார்டுகளும்

நாற்பத்தேழு வயதில் மில் வேலையை விட்டவன் சும்மா இருந்திருக்கலாம். நான் ஆறு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். துணியில் விழும் ஓட்டை, எண்ணெய்க் கறை, அறுந்த இழை ஆகியவற்றைக் கேமராவில் பார்த்தே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குவது திட்டம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, செய்து காட்டினால் பார்க்கலாம் என்றிருந்தார். காட்ட வேண்டியது சனிக்கிழமை காலை. பழைய மில்லில் என் நாற்காலியை அந்த வாரக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதை வீட்டில் நான் சொல்லவில்லை. மனைவிக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பழக்கும் கணக்கை ராப்பகலாகப் போடுகிற இந்தக் கார்டுகள் அடுப்புபோல் சுடும். அவற்றை ஸ்டோர் ரூமில் இரும்பு ஆங்கிள் அடித்து வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஓரத்தில் இருந்தவை சுகமாக இருந்தன. நடுவில் இருந்த மூன்றாவது கார்டுக்கு மட்டும், சாயங்காலம் உக்கடம் பஸ்ஸில் நடுவில் மாட்டிக்கொண்டவனின் கதி. பக்கத்தில் இருப்பவர்கள் விடுகிற மூச்சைத்தான் அது இழுத்தாக வேண்டும். ஏசி போட்டுப் பார்த்தேன், ஏசிதான் களைத்தது.

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சினன் வந்து பார்த்தான். சித்திரை வெயிலில் ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோடு வைத்திருப்பவன். சூடு விஷயத்தில் அவன் சொன்னால் கேட்கலாம்.

"கோழிக்கும் இதுக்கும் என்னங்க மாமா வித்தியாசம்? ரெண்டும் திங்கறதச் சூடா மாத்துது. இது முட்டை போடாது, அவ்வளவுதானுங்க."

பண்ணை முறை எளிமையானது. ஒரு பக்கம் பெரிய காற்றாடி உள்ளிருக்கும் சூட்டை வெளியே இழுக்கும். எதிர்ப்பக்கம் ஈரத் தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நடுவில் வேறு பொத்தல் எதுவும் இருக்கக் கூடாது. அவனே ஒரு பழைய காற்றாடியை டெம்போவில் அனுப்பிவைத்தான், ஓரங்களில் இறகு ஒட்டியபடியே. பின்பக்க ஜன்னலைப் பெயர்த்து அதைப் பொருத்தினேன். எலக்ட்ரீசியன் வயர் மிச்சம் பிடிக்க சுவிட்சை ஹாலில் வைத்துவிட்டுப் போனார். கதவிடுக்கு, சுவர் விரிசல் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். ஈரத் தட்டி மட்டும் எங்கள் ஜன்னல் அளவுக்குக் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த சென்னிமலை பெட்ஷீட்டை நனைத்து, முன்பக்க ஜன்னலுக்கு வெளியே கட்டினேன். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாவது கார்டே எழுபது டிகிரியைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கூடுதல் குளிர்ச்சி வேண்டுமே என்று பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, நன்றாக நனைத்துக் கட்டினேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தேன். அறுபது மணி நேரமாக நடக்கும் வேலை, இன்னும் பத்து மணி நேரம் பாக்கி. செய்தவரை இடையிடையே சேமித்துவைக்கும் வரியைப் புரோகிராமிலிருந்து, டிஸ்க் நிறைகிறதென்று நானே எடுத்துவிட்டிருந்தேன். ஒரு கார்டு சுருண்டால் எல்லாம் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால், மில் நாற்காலி.

சற்று நேரத்தில் காது அடைத்தது. ஐம்பதை நெருங்குபவனுக்குக் காது அடைத்தால் நெஞ்சுதான் ஞாபகம் வரும். நாடியைப் பிடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். மூன்றாவது கார்டு எண்பத்து நான்கு. காற்றாடி லாரிபோல் உறுமுகிறது, சூடு ஏறுகிறது. எண்பத்தேழு. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்த கதவு அது. தோளால் இடித்தேன். யாரோ அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது போலிருந்தது. சுவிட்ச் ஹாலில், போன் ஹாலில், மனைவி சமையலறையில், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கார்டு குடிக்கும் மின்சாரத்தைக் குறைக்க ஒரே ஒரு வரிக் கட்டளை உண்டு. வேலை நிற்காது, சூடு இறங்கிவிடும். அதை நான் பத்துப் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை. சுவரிலிருந்த தினக்காலண்டரைக் கழற்றி மூன்றாவது கார்டுக்கு விசிறினேன். அட்டையிலிருந்த முருகனிடம், மலையேறி மொட்டை போடுகிறேன் என்றேன். அவர் என் தலையைப் பார்த்திருப்பார், அங்கே கொடுக்க அதிகம் ஒன்றுமில்லை. எண்பத்தொன்பது.

மிக்ஸி நின்றது. கத்தினேன். அவள் வந்து வெளியிலிருந்து கதவை இழுத்தாள், வரவில்லை.

"உள்ள தாழ் போட்டுட்டு என்னங்க விளையாட்டு?"

தாழ் போடவில்லை, கதவு பிடித்துக்கொண்டது என்றேன். அப்படியானால் காற்றாடியை நிறுத்திவிடுகிறேன் என்று அவள் நகர்ந்த சத்தம் கேட்டது.

"தொட்டராத அம்மணி! அது நின்னா எல்லாம் போச்சு. நான் இங்கயே கெடந்துக்கறேன்."

செருப்புச் சத்தம் வாசல் வழியாகப் போய் ஜன்னலுக்கு வந்தது.

"ஏனுங்க, பெட்ஷீட்டு கம்பியோட பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக் கெடக்குதுங்க. காத்து எதுல போவும்?"

துணி காயப்போடும் கோலால் அவள் ஒரு மூலையை நெம்பியிருக்க வேண்டும். சரேலென்று காற்று உள்ளே பாய்ந்தது. காது திறந்தது. இத்தனை நேரம் கதவில் சாய்ந்து நின்றது, உள்ளே வர வேறு வழியில்லாத வெளிக்காற்றுதான். அந்த நேரம் பார்த்து நான் மறுபடி கதவில் தோளைக் கொடுத்திருந்தேன். கதவு ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொள்ள, காலண்டரோடு ஹாலில் போய் விழுந்தேன். முழங்கால் சிராய்த்ததைக்கூடப் பார்க்காமல் தவழ்ந்து திரும்பிவந்தேன். தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்து மூன்று. வேலை நிற்கவில்லை.

அவள் உள்ளே வந்து ஆறு கார்டையும், என்னையும், தரையில் சிதறிக் கிடந்த தேதிகளையும் பார்த்தாள்.

"மில்லுல இருந்தப்ப ஒரு நாளும் இப்படித் தவழ்ந்து வந்து வேலை பாத்ததில்லீங்க" என்றாள். அதைத் திட்டென்று எடுப்பதா, வேறெதுவாக எடுப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நாற்காலி பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை திருப்பூரில் முதலாளி தன் துணியையே கேமராவுக்கு அடியில் விரித்தார். கண்ணுக்கே தெரியாத ஓர் அறுந்த இழைமேல் திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, நான்கு மிஷினுக்கு வேண்டும் என்றார். வெளியே வந்து மில் மேனேஜருக்குப் போன் செய்து, நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைக்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, இன்னும் இரண்டு கார்டு வாங்க வேண்டியிருக்கும் என்று மெல்ல ஆரம்பித்தேன். அவள் பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியின் துரு அதில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது, ஜெயில் ஜன்னலைத் துணியில் அச்சடித்ததுபோல.

"வாங்குங்க. அதுக்கு மின்னாடி ஆசாரியக் கூப்புட்டு, கதவ உள்பக்கம் தொறக்கற மாதிரி மாத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்ஷீட்டை என் கட்டிலில் விரித்தாள்.