பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு

சென்ற ஞாயிறு மஸ்ஜித் தானா ஊரில் ஒரு புதுமனைப் புகுவிழா. காரின் பின்கதவைத் திறந்தால், ஒரு பக்கச் சீட்டில் மட்டும் பிளாஸ்டிக் விரிப்பு. என் மகன் குமரன் விரித்தது.

"அங்கிள், நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க லா," என்றான் அந்தோணியிடம்.

அந்தோணி என் பால்ய நண்பன். தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் ஆசிரியரானேன், அவன் லோரி ஓட்டினான். விரிப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

அந்த விரிப்பு எனக்கு விரித்திருக்க வேண்டியது.

எழுதவே கூசுகிறது... என் வயது ஆண்களைக் கேட்கிறேன் — எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்றுதானே தேடுகிறீர்கள்? யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

நான் சொல்லவில்லை. படித்தவன் அல்லவா, நானே வைத்தியம் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடித்தால்தானே சிறுநீர்? தண்ணீரைக் குறைத்தேன். நாக்கு வறண்டதா? அசம்போய் இருக்கவே இருக்கிறது. உப்பில் ஊறிச் சுருங்கிய அந்தப் புளிப்புப் பழத்தில் ஒன்றை வாயில் அடக்கினால் எச்சில் தானாக ஊறும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம்.

அதற்கு முந்தைய ஞாயிறு அந்தோணியும் நானும் குமரன் காரில் உம்பாய் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டோம். மிளகாய்ச் சம்பலை வழித்து வழித்துத் தின்றேன். திரும்பும் வழியெல்லாம் நெரிசல். தஞ்சோங் கிளிங் வருவதற்குள் அடக்க முடியவில்லை. காற்சட்டை கறுப்பு. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குமரன் கேட்டான். "ப்பா, பின்சீட்டு ஈரமா இருக்கு. நாத்தம் வேற... என்னா?"

"அந்தோணிக்குச் சுகர்பா. பாவம், ஒண்ணும் கேட்டுக்காத."

பொய் போதாதென்று ஒரு 'பாவம்' வேறு!

மஸ்ஜித் தானா போகும்வரை அந்தோணி அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விழா வீட்டில் ஒரு பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். டீயை ஒருநாளும் மறுக்காத அந்தோணி கையை ஆட்டினான்.

"வேணாம்மா. திரும்பத் தம்பி கார்லதான் போகணும்."

நான் எடுத்த டீயைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். தட்டேந்திய அந்தப் பெண்ணும் நிற்கிறாள், இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள்... இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன மனிதன்?

"குமரா, அன்னைக்கு சீட்டை நனைச்சது, சுகர்னு நான் பழி போட்ட அந்தோணி இல்ல. நான்தான்."

குமரன் தரையைப் பார்த்தான். அந்தோணிதான் தட்டை நோக்கிக் கை நீட்டினான்.

"இப்பயாச்சும் சொன்னியே, வாத்தியாரே! டீ குடும்மா. சீனி வேணாம் — சுகர் மட்டும் உண்மை லா."

மறுநாள் அவன்தான் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனான். டாக்டர், என் மகளைவிட இளையவள். சோதித்துவிட்டு, "புரோஸ்டேட் கொஞ்சம் பெருசாயிருக்கு அங்கிள். மருந்து தரேன். உப்பு எப்படி, நிறைய சாப்பிடுவீங்களா?" என்றாள்.

"குறைவுதான்," என்றேன்.

அந்தோணி என் சட்டைப் பையில் கைவிட்டு, பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

அவள் சிரிக்கவில்லை. உப்பு தாகத்தைக் கூட்டும், தின்ற உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் இரவிலும் ஓயாமல் வேலை செய்யும் என்றாள். தண்ணீரைப் பகலில் ஒழுங்காகக் குடிக்கவும் இதைத் தூக்கிப் போடவும் சொன்னாள். நான் தண்ணீரை விரோதியாக்கிவிட்டு, உப்பை அல்லவா மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன்!

அசம்போயை விட்டுவிட்டேன். விரிப்பு இன்னும் காரில் இருக்கிறது, நான் உட்காரும் பக்கத்தில். நானே விரித்துக்கொண்டது.

அதன் சரசரப்பு ஒன்றும் பெரிதாக இல்லை என்கிறான் அந்தோணி... எனக்குக் கேட்கிறது.