காற்றில் நின்ற சிறகு

ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் செய்த என் மாதிரி விமானத்தின் சிறகை, மேற்பக்கம் வளைவாக, அடிப்பக்கம் தட்டையாக, வேண்டுமென்றே தடிப்பாக வெட்டினேன். மெதுவாகப் பறந்தாலும் அது விழாது.

நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் சிரித்தார். "செறகா புள்ள இது, தலகணியா? மெல்லிசா வெட்டினாத்தானே வேகமாப் போகும். இது விழுந்தா, பொம்புளப் புள்ளைக்கு இந்த வேல இதோட போதும். சரியா?"

"ஓம் காக்கா. விழாட்டி?"

அவர் ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

மாவடிப்பள்ளியில், அறுவடை முடிந்த வயலில், கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. காற்றை எதிர்த்தே விட்டேன். மேலேறிய விமானம் முன்னேறவுமில்லை, பின்வாங்கவுமில்லை. அதன் வேகமும் காற்றின் வேகமும் சமமாகி, எங்கள் தலைக்கு மேல் பருந்துபோல் அப்படியே நின்றது.

"முன்னுக்குப் போகுதில்லையே!" என்றார் அண்ணன்.

"விழவும் இல்லத்தானே!"

பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் இன்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும். அடுத்த சிறகை இன்னும் தடிப்பாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.