இடம் பிடிக்க வைத்த பை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

காலை 7.40. சிட்னி சென்ட்ரலில் நானும் மகள் சுதாவும் மெல்பேர்ன் ரயிலில் ஏறினோம். நாங்கள் இருக்கும் நார்த்மீட்டிலிருந்து அங்கே வரவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. நாங்கள் படகில் வந்தவர்கள். இன்னும் தற்காலிக விசாதான். அது நிரந்தரமாக வேண்டும் என்று கடவுளிடம் கேட்கத்தான் மெல்பேர்ன் பக்கத்துக் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குப் புறப்பட்டோம். பதினொரு மணித்தியாலப் பயணம். வழியில் தேத்தண்ணி ஐந்து டொலர். சாயம் மட்டும் இருந்தது, ருசி இல்லை. வெளியே மஞ்சள் புல்லும் செம்மறியும், பிறகும் செம்மறி.

மாலை 6.30. மெல்பேர்னில் இறங்கினோம். கோவில் பக்கம் போகும் அடுத்த ரயிலுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. நல்ல சனம். இருக்கிற ஒரு நீள மர வாங்கில் மட்டும் இடம் கிடந்தது. அதன் ஓரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வை. எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. ஊரில் பஸ்ஸில் இடம் பிடிக்க யன்னலால் பையைப் போடுவோமே, அதுபோல என் துணிப்பையை வாங்கில் வைத்துவிட்டு இரண்டு பேரும் போனோம்.

திரும்பி வந்தால், சனத்தை ஒதுக்கி நாடா கட்டியிருந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர் அந்த மனிதரைச் சுவரோரம் நிறுத்தி, பை உன்னுடையதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காஸா சண்டைக்குப் பிறகு இங்கேயும் பயம். யூதர் கோவில் வாசல்களில் காவல் நிற்கிறது. பலஸ்தீனச் சால்வையைக் கண்டாலும் சனம் இரண்டு தரம் பார்க்கிறது.

சுதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பேசாமல் வாங்கோ. பொலிஸ் பேர் எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை."

"அது என்ர பை, பிள்ளை."

"தேங்காய்தானே? போனால் போகட்டும்."

"அந்த மனிசனும் போகட்டுமோ?"

அந்நியர் முன்னால் தலை நிமிராத நான் கையை உயர்த்தினேன். "மை பேக்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

திறந்து பார்த்தார்கள். பையில் தேங்காய், கற்பூரம், இரண்டு எலுமிச்சம்பழம். பொலிஸ்காரர் சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. அவர் சொன்னதைச் சுதா எனக்குச் சொன்னாள்: "குண்டு வைக்கிறவனும் இப்பிடிப் பையிலதானாம் கொண்டு வருவான். ஒவ்வொண்டாப் பாக்கிறதைவிட வேற வழி தெரியேல்லையாம்."

கொழும்பில் குண்டு வெடித்த காலத்தில் எங்கள் பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் தமிழர் என்பதால் வரிசையில் தனியாக நின்றது எனக்கு மறக்கவில்லை.

அந்த மனிதர் எங்கள் பக்கத்தில் வந்து இருந்தார். காஸாக்காரராம், தங்கை இன்னும் அங்கேதானாம். சுதா மன்னிப்புக் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"காஸாவில அவையளும் பை வைச்சுத்தான் இடம் பிடிக்கிறவையாம், அம்மா. நீங்கள் வருவியள் எண்டுதான் ஒருத்தரையும் இருக்கவிடாமல் காவல் இருந்தவராம்!"

நேரமும் ஊர்ப் பெயர்களும் பிழையென்றால் யாராவது திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொலிஸ்காரர் தன் குறிப்புக் கொப்பியில் முதலில் அந்தக் காஸாக்காரருடைய பெயரை எழுதியிருந்தார். பிறகு அதன் கீழே என் பெயரை எழுதினார். மேலே இருந்த அவர் பெயரைக் கோடு போட்டு வெட்டியதை நான் காணவில்லை. அதை எங்கே கேட்பது என்று தெரிந்தவர்கள் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள்.