நான்கு சேம்பிளும் ஒரு பாட்டும்

பாட்டைப் பதிவு செய்ய சசிகுமாருக்கு ஒரு சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. இரண்டு வருடமாக அவன் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

நல்லூரில் அவன் வீட்டு மாடியறைக்கு ஸ்டுடியோ என்று பெயர். சுவரில் கறுப்பு ஸ்பாஞ்சு, ஒரு மைக், பெரிய ஹெட்போன், லேப்டாப். லேப்டாப்பில் நான்கு சாஃப்ட்வேர்கள். ஒன்று இலவசம், இலவசம் என்பதாலேயே அதன்மேல் அவனுக்கு மதிப்பில்லை. ஒன்றுக்கு மாதச் சந்தா. ஒன்று நண்பன் எங்கிருந்தோ பூட்டுடைத்துக் கொண்டுவந்தது. நான்காவது, சினிமாக்காரர்கள் வைத்திருப்பதாகச் சொல்லப்படுவது. அதில் முப்பது நாள் ட்ரையல்தான், அதுவும் அவன் உண்டாக்கிய மூன்றாவது இமெயில் முகவரியில். இந்த நான்கையும் பற்றி யூடியூபில் பேசுகிற அத்தனை பேரையும் கேட்டு முடித்திருந்தான். அவர்களில் ஒருவரும் ஒரு முழுப் பாட்டைப் போட்டுக் காட்டியதில்லை. இவனும்தான் காட்டியதில்லை.

பனியன் கம்பெனி ஒன்றில் அவன் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்கும் நிறத்தில் நாலு துண்டுத் துணிக்குச் சாயம் ஏற்றிச் சேம்பிளாக அனுப்புவான். அவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ளும்வரை பல்க் என்கிற மொத்த ஆர்டரைத் தொட விடமாட்டான். அதில் கெட்டிக்காரன் என்று பெயர். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவனும் அவன்தான். அப்பா சாயப்பட்டறையில் எந்த வேலையைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் செய்தவர். நாலையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பதுதான் படித்தவனுக்கு அழகு என்று இவன் எண்ணிக்கொண்டான். தப்பானதை எடுத்துவிட்டால் யார் சிரிப்பார்கள் என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வான். யாரும் சிரிக்கப்போவதில்லை. அவன் என்ன வாங்குகிறான் என்று கவனிக்கவே ஆள் இல்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பவள் முத்துப்பேச்சி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், நன்றாகப் பாடுவாள். பல்லடத்தில் ஒரு கச்சேரிக் குழு பாடகி தேடியது. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். “நம்ம ஸ்டுடியோவுலயே பண்ணிக்கலாங்க” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் சசிகுமார்தான்.

பக்கத்து வீட்டில் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ராப்பகலாக ஓடும். ஸ்பாஞ்சு அந்தச் சத்தத்தை ஒரு நாளும் தடுத்ததில்லை. பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்களே, அன்று மட்டும்தான் அந்தத் தெரு வாயை மூடும். அதிர்ஷ்டவசமாக அந்தப் புதனே ஷட்டவுன். கம்பெனிக்கும் லீவு. லேப்டாப் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். பாட்டு ஐந்தே நிமிடம்.

முத்துப்பேச்சி பத்து மணிக்கு வந்து மைக் முன்னால் நின்றாள்.

“முதல்ல பல்லவி மட்டும் பாடுங்க.”

பாடினாள்.

“இப்ப அடுத்த சாஃப்ட்வேர்ல, அதே பல்லவி.”

நான்கிலும் பாட வைத்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்கையும் மாற்றி மாற்றிக் கேட்டான். இரண்டாவதில் கொஞ்சம் கார்வை கூடுதலாகத் தெரிந்தது. நான்காவதில் ஏதோ ஒன்று இருந்தது, அது என்னவென்று அவனால் சொல்ல முடியவில்லை. இன்னொரு சுற்றுப் பாடச் சொன்னான்.

அவன் அம்மா ராமாத்தாள் மோர் கொண்டுவந்தாள். “ஏங்கண்ணு, அந்தப் புள்ளய எத்தன வாட்டிதான் ஒரே அடியப் பாடச் சொல்லுவே? தொண்ட கட்டிக்காதா?”

“இது சேம்பிளும்மா. அப்ரூவ் ஆனாத்தான் பல்க்கு.”

“ஆரு அப்ரூவ் பண்ணோணும்?”

அவன் லேப்டாப் பக்கம் திரும்பினான். வெளிநாட்டுப் பையர் யாரோ மெயில் அனுப்புவான் என்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துப்பேச்சி மோரைக் குடித்து முடித்தாள். “நா என்ன கலர் கார்டா சார், வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கதுக்கு? ஏதாச்சும் ஒண்ணுல முழுசாப் பாடிட்டுப் போயிருதேன்.”

“ஒரே நிமிசங்க. ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும்தான் போட்டி.”

பதினொன்றரைக்கு ஃபேன் சுற்றியது. நாலு மணிக்கு வரவேண்டிய கரண்ட் அப்போதே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மைக் அத்தனையையும் உண்மையாக உள்ளே வாங்கியது.

“சத்தத்தப் பின்னாடி சாஃப்ட்வேர்ல எடுத்துடலாங்க” என்றான்.

“எந்த சாஃப்ட்வேர்ல சார்?”

பதிலுக்காக உண்மையிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நேரே கம்பெனிக்குப் போய் வாட்ச்மேனிடம் கெஞ்சித் துணி ரூமைத் திறக்கச் சொல்லி, கூரைவரை அடுக்கிய துணி ரோல்களுக்கு நடுவில் நின்று போனிலேயே பாடி அனுப்பினாள் என்பதை மறுநாள் வாட்ச்மேன் சொல்லித்தான் சசிகுமார் தெரிந்துகொண்டான். துணி எதிரொலியை விழுங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் ஏழு வீடியோ பார்த்திருந்தான். தினமும் அந்த ரூமுக்குள் போய் வருகிறவனும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை கச்சேரிக் குழுவிலிருந்து அவளைப் பாட வரச் சொல்லிவிட்டார்கள். தையல் பிரிவில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் மகுடேஸ்வரன் சசிகுமாரின் தோளைத் தட்டினார். “உன்ர ஸ்டுடியோவுல எடுத்ததாமா? சொல்லவே இல்லியேப்பா!”

இல்லீங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி இருந்தது. போயும் விட்டது.

“ஆமாங்க” என்றான்.

“எந்த சாஃப்ட்வேரு? எம்பையனும் கேட்டுட்டிருந்தான்.”

நான்காவதன் பெயரைத் தயங்காமல் சொன்னான்.

முத்துப்பேச்சி மிஷினை நிறுத்தி அவனை ஒருமுறை பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. மறுக்கிற அளவுக்குக்கூட அவளுக்கு அவன் ஒரு பொருட்டில்லை. அடுத்த பனியனின் தோளை ஊசிக்கு அடியில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.